ஜேஏஐஐபி பிபிபி பேப்பர்: செக் டிஸ்ஹானர் பகுதியை இப்படிப் படிங்க

பேங்க் ஸ்டாஃப் எழுதுற ஜேஏஐஐபி எக்ஸாம்ல, பிபிபி (பிரின்சிபில்ஸ் அண்ட் பிராக்டிசஸ் ஆஃப் பேங்கிங்) பேப்பருக்குப் படிக்கற நிறைய பேரு செக் டிஸ்ஹானரை, அதாவது செக் பாஸாகாம திரும்புற பகுதியை, "இது நம்ம தெனமும் பாக்குறதுதானே"ன்னு கடைசிக்கு தள்ளிடுறாங்க. பிராஞ்ச்ல செக் ரிட்டர்ன்னு சொல்லி மெமோவை (ஏன் திரும்புச்சுன்னு சொல்ற சீட்டை) அடிச்சு குடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சுது, ஆனா எக்ஸாம்ல கேள்வியே அந்த மெமோவுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

நான் கடலூர்ல வேலை பாத்துக்கிட்டே படிச்சேன், சென்டர் பாண்டிச்சேரி. பாதி படிப்பு பஸ்லதான். செக்‌ஷன் நம்பரை உருப்போடாம, ஒரே ஒரு கேஸை தேதியோட மனசுல ஓட்டிப் பாத்தது எனக்கு நல்லா கை குடுத்துச்சு.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருத்தர், பாண்டிச்சேரி கடைக்காரருக்கு சரக்கு போட்டு செக் வாங்குறார்னு வெச்சுக்கங்க. செக் தேதியிலேர்ந்து 3 மாசத்துக்குள்ள போட்டாரு, பணம் இல்லைன்னு திரும்பிடுச்சு. மெமோ அவரு கைக்கு வந்தது ஜூன் 10. அதுலேர்ந்து 30 நாளைக்குள்ள, அதாவது ஜூலை 10க்குள்ள நோட்டீஸ் அனுப்பணும் (மெமோ வந்த நாளை கணக்குல சேக்கக்கூடாது). கடைக்காரர் நோட்டீஸை வாங்குனது ஜூலை 1ன்னா, பணம் கட்ட 15 நாள், ஜூலை 16 வரைக்கும் டைம். கட்டலைன்னா 17ஆம் தேதி கேஸ் போடுற உரிமை பொறக்குது, அதுலேர்ந்து ஒரு மாசம், ஆகஸ்ட் 17 கடைசி. இங்க ஒரு மாசம்னா காலண்டர் மாசம், 30 நாள் இல்ல, ஆப்ஷன்ல ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சிருப்பான், பாத்து போடுங்க. அதே மாதிரி 15 நாளை நோட்டீஸ் அனுப்புன தேதியிலேர்ந்து எண்ணாதீங்க, அவரு வாங்குன தேதிதான் கணக்கு.

இப்ப கேஸை எங்க போடுறது? செக் குடுத்தவரோட பேங்க் பாண்டிச்சேரியில, வாங்குனவரோட அக்கவுன்ட் பண்ருட்டியில. 2014ல சுப்ரீம் கோர்ட் செக் குடுத்தவர் பேங்க் இருக்கற இடம்னு சொல்லுச்சு, 2015 திருத்தம் வந்து அதை மாத்திடுச்சு, செக்கை தன் அக்கவுன்ட்ல போட்டிருந்தா அந்த அக்கவுன்ட் இருக்கற பிராஞ்ச் எந்த எல்லையோ அங்கதான். ஆக நம்ம முந்திரிக்காரர் யூனியன் பிரதேச எல்லையைத் தாண்டி அலைய வேண்டாம். நம்ம ஏரியாவுல தெருவுக்குத் தெரு எல்லை மாறுறதால இது எனக்கு மறக்கவே இல்ல.

இந்த கேஸ் போட வழி குடுக்கற 138ஆவது செக்‌ஷன் 1881 நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்துல மொதல்லேர்ந்து இருந்ததில்ல, 1988 திருத்தத்துல வந்து 1989 ஏப்ரல் 1லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. தண்டனை 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 2018ல 143ஏ சேந்துச்சு, கேஸ் நடக்கும்போதே 20 சதவீதம் வரைக்கும் இடைக்கால இழப்பீடு குடுக்கச் சொல்லலாம். 148ல அப்பீல் போறவங்களை குறைஞ்சது 20 சதவீதம் கட்டச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். ஒண்ணு அதிகபட்சம் 20, இன்னொண்ணு குறைஞ்சபட்சம் 20, குழப்பறதுக்குன்னே கேப்பாங்க.

பேமென்ட் ஸ்டாப் பண்ணா, அக்கவுன்ட்டை க்ளோஸ் பண்ணா 138 பாயாதுன்னு இன்னும் நெனைக்கறவங்க இருக்காங்க, கோர்ட் அதெல்லாம் எப்பவோ அடைச்சாச்சு, ரெண்டுக்கும் பாயும். ஆனா கொடுக்க வேண்டிய கடனோ பொறுப்போ இருக்கணும், நன்கொடையா எழுதுன செக்குக்கு இது வராது.

எல்லாரும் விட்டுடுற ஒண்ணு, செக்‌ஷன் 31. கணக்குல பணம் இருந்தும் பேங்க் தப்பா செக்கை திருப்பி அனுப்பிட்டா நஷ்டஈடு யாருக்கு? செக் எழுதுன கஸ்டமருக்கு, வாங்குனவருக்கு இல்ல. ஸ்டாஃபா இருக்கற நமக்கு எக்ஸாமை விட இதுதான் பயம்.

சீனியர்ங்க குடுக்கற பழைய புக்கை வாங்குனா, கேஸ் எங்க போடணுங்கற பக்கத்தை மொதல்ல திறந்து பாருங்க, 2015 மாற்றம் அதுல இல்லைன்னா 143ஏவும் இருக்காது, அந்த சாப்டரை மட்டுமாவது புது எடிஷன்ல படிச்சுக்கங்க.