கலோககாதியா: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதுகலைத் தத்துவத் தேர்வுக்குக் கிரேக்க அறவியல் படிக்கும் பலர் கலோககாதியாவை "அழகும் அறமும் ஒருங்கே அமைந்த நிலை" என்று மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரி சரிதான். ஆனால் கட்டுரை வினாவில் அதை மட்டும் நம்பினால் ஒரு பத்தியோடு கை நின்றுவிடும். எனக்குப் பயன்பட்ட வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், சாக்ரடீஸின் மாணவர் செனபோன் வீட்டு நிர்வாகம் பற்றி எழுதிய 'ஒய்கோனோமிகோஸ்' என்ற உரையாடல் நூலில் 6, 7ஆம் அத்தியாயங்களைப் படியுங்கள். அழகும் நன்மையும் உடையவர் என்று ஊர் போற்றும் மனிதர் எப்படி இருப்பார் என்று அறிய விரும்பும் சாக்ரடீஸ், தோற்றப் பொலிவு உள்ளவர்களை முதலில் அணுகுகிறார். அவர்களில் சிலருடைய உள்ளம் இழிந்திருப்பதைக் கண்டபின், அந்தப் பெயரெடுத்த இஸ்கோமாகஸிடம் போகிறார். ஏதென்ஸில் செல்வர்கள் ஏற்க வேண்டியிருந்த போர்க்கப்பல் செலவையோ விழாப் பாடற்குழுச் செலவையோ தன்மீது சுமத்த வருபவர்கள் அந்தப் பட்டத்தைச் சொல்வதில்லை, தகப்பன் பெயரோடு தன் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள் என்கிறார் அவர். பிறகு பேச்சு மனைவி, வீடு, அடிமைகள், விவசாயம் என்று விரிகிறது. இந்த இலட்சியம் நிலமுடைய செல்வர்களின் அடையாளமாகவும் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதியை நான் படித்ததில்லை. விடையில் இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து அரிஸ்டாட்டிலின் 'யூடீமிய அறவியல்', 8ஆம் நூலின் கடைசி அத்தியாயம். கடினமான பகுதி, நிதானமாகப் படிக்க வேண்டும். ஸ்பார்ட்டாக்காரர்களை அவர் எடுத்துக்காட்டுகிறார். செல்வம், புகழ், அதிகாரம் போன்றவை கிடைக்கும் என்பதற்காக அறத்தை நாடுபவர்கள் அவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் கலோககாதியா அவர்களுக்கு இல்லை. உயர்ந்த செயலை அதன் பொருட்டே செய்பவருக்குத்தான் அது உண்டு. உடலழகு இங்கே செல்வத்தோடும் அதிகாரத்தோடும் சேர்ந்து பின்னுக்குப் போய்விடுகிறது. என் கருத்தில் விடையின் உயிர் இந்த இடம்தான்.

பாலிகிளைட்டஸின் ஈட்டி ஏந்திய வீரன் சிலையில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவின் இசைவை அது காட்டும், விவாதத்தைக் காட்டாது. அதைவிட ஹோமரின் 'இலியட்' காவியம் 2ஆம் காண்டத்தில் வரும் அவலட்சணமான போர்வீரன் தெர்சைட்டீஸையும் பிளேட்டோவின் 'சிம்போசிய'த்தில் வரும் சாக்ரடீஸையும் எதிரெதிரே நிறுத்துங்கள். 'இலியட்'டில் அவலட்சணமே இழிவின் அடையாளம். 'சிம்போசிய'த்திலோ, சைலினஸ் என்ற அவலட்சணமான புராணப் பாத்திரத்தின் பொம்மை போன்ற சாக்ரடீஸின் உருவத்துக்குள் தெய்வச் சிலைகள் இருப்பதாக, அவர்மீது பற்றுக்கொண்ட அல்சிபியாடீஸ் புகழ்கிறான்.

நேரம் மிஞ்சினால் 'நிக்கோமாக்கிய அறவியல்' 4ஆம் நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கலோககாதியா இல்லாமல் உண்மையான பெருந்தகைமை இயலாது என்று அரிஸ்டாட்டில் அங்கே சொல்கிறார்.