இயக்குநர் இல்லாத மாலைகள்

ஜெர்மன் ஓப்பரா அரங்குகளில் நான் பார்க்கும் வேலைக்கு ஆபெண்ட்ஷ்பீல்லைட்டுங் என்று பெயர். புதிய படைப்பை உருவாக்குபவர் இயக்குநர். அரங்கேற்றம் முடிந்த கையோடு கைதட்டலையோ கூச்சலையோ வாங்கிக்கொண்டு அவர் அடுத்த ஊருக்கு ரயிலேறிவிடுவார். அதற்கப்புறம் அந்தப் படைப்பு எத்தனை வருடம் ஓடினாலும், ஒவ்வொரு மாலையும் அவர் அமைத்தபடி நடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பாடு. இங்கே ஒரே மேடையில் இன்று மோட்சார்ட், நாளை வெர்டி, மறுநாள் பாலே என்று மாறி மாறி ஓடும். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த ஒன்றைத் தூசி தட்டி, ஓரிரு ஒத்திகையில் உயிர் கொடுத்து மேடையேற்ற வேண்டும்.

இந்த வேலையில் இருப்பவர்கள் கூடிப் பேசினால் ஓப்பரா இயக்குநர் ரூத் பெர்க்ஹவுஸின் பெயர் வராமல் போகாது. நான் அவரைப் பார்த்ததில்லை; 1996 ஜனவரியில் இறந்துவிட்டார். ஆனால் பெர்லினின் ஸ்டாட்ஸோப்பர் என்ற அரசு ஓப்பரா அரங்குக்காக 1968இல் அவர் இயக்கிய ரொஸ்ஸினியின் 'செவில்லாவின் முடிதிருத்துநர்' அரை நூற்றாண்டு கடந்தும் பட்டியலை விட்டு இறங்கவில்லை. 350 தடவைக்கு மேல் மேடையேறியாயிற்று. அது பிறந்தபோது இருந்த கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இப்போது இல்லை. 2010இல் அரங்கைப் பழுதுபார்க்க மூடியபோது ஓப்பரா நிறுவனம் முழுவதும் நகரின் மேற்குப் பக்கம் இருந்த ஷில்லர் அரங்குக்குக் குடிபெயர்ந்து, 2017இல்தான் திரும்பியது. பாடகர்களில் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டது. படைப்பு மட்டும் நிற்கிறது.

எப்படி நிற்கிறது என்பதுதான் என் தொழில் சார்ந்த கேள்வி. பதில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1927இல் டிரெஸ்டனில் பிறந்த பெர்க்ஹவுஸ் நாடகம் படித்து வந்தவரல்ல. நடனக் கலைஞர் கிரெட் பலுக்காவிடம் நடனம் படித்தவர். 1964இல் நாடகாசிரியர் பிரெஷ்ட்டின் குழுவான பெர்லினர் ஆன்சாம்பிள் 'கொரியோலான்' நாடகத்தைப் போட்டபோது இயக்குநர்கள் வேறு இருவர்; போர்க்காட்சிகளை மட்டும் அமைத்துத் தந்தவர் இவர். வாளை வீசிக்கொண்டு கண்டபடி ஓடும் வழக்கமான மேடைச் சண்டை இல்லை. இரண்டு படைகளும் எண்ணி வைத்த அடிகளில் மோதின. தலைவர்களின் பெயர்களைக் கத்தும் குரல்களே தாளமாயின. இசை அவருடைய கணவர் பால் டெஸ்ஸாவ். அந்தப் போர்க்காட்சிகள் பெரிதும் பேசப்பட்டன.

இங்கே எங்கள் குறிப்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பியானோவுக்கு எழுதிய இசைப்பிரதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு வெற்றுத்தாள். பாடகர் எந்த இசையலகில் எழுந்திருக்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார், கோப்பை எந்தக் கையில் என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருக்கும். பாத்திரத்தின் முதல் எழுத்தை வட்டமிட்டு, அதிலிருந்து ஓர் அம்புக்குறி. பழைய படைப்பென்றால் நாலைந்து பேருடைய கையெழுத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருவர் அழித்ததை இன்னொருவர் கேள்விக்குறியோடு திரும்ப எழுதியிருப்பார்.

இதன் அருமை தெரிவது யாராவது நோய்வாய்ப்படும் நாளில்தான். காலையில் ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மதியத்துக்குள் வேறு நகரத்திலிருந்து ஒருவரைப் பிடித்தாக வேண்டும். அவர் வந்து சேர மாலை நாலு மணி. ஏழரைக்குத் திரை உயரும். ஒத்திகை அறையில் தரையில் ஒட்டிய நாடாக்களைச் சுவராகவும் கதவாகவும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் மூன்று அங்கங்களையும் காட்டிவிட வேண்டும். ஜெர்மனியில் இடது, வலது என்றால் பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்ப்பது. இங்கிலாந்தில் பழகியவர்களுக்கு அது நேர் எதிர். ஆகவே நாங்கள் சொல்வதோடு நிறுத்தாமல் கையையும் நீட்டிக் காட்டிவிடுவோம். எங்கே நிற்பது என்று கேட்டுக்கொண்டே வரும் பாடகர், பாதி வழியில் நின்று, "சரி, இவன் ஏன் இப்போது அவளிடம் போகிறான்?" என்பார். குறிப்பேட்டில் அம்பு இருக்கும், காரணம் இருக்காது.

இந்த இடத்தில்தான் எனக்கு வால்ட்டர் ஃபெல்சென்ஸ்டைன் நினைவுக்கு வருவார். 1947இல் பெர்லினில் கோமிஷே ஓப்பர் என்ற அரங்கைத் தொடங்கியவர். மேடையில் ஒருவர் ஏன் பேசாமல் பாடுகிறார் என்பதற்கே மனித நியாயம் வேண்டும் என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர். மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் வழியில் வேலையின் உயிர் முழுக்கப் பாடகரின் மனசுக்குள் இருக்கிறது. அந்தப் பாடகர் போனால் நியாயமும் கூடவே போய்விடும். பெர்க்ஹவுஸ் வழியில் உடலசைவு இசைக்கும் சொல்லுக்கும் துணைக்கு வருவதில்லை. அது தனியாக ஒரு மூன்றாவது வரி. சில சமயம் இசை சொல்வதற்கு எதிராகவே போகும். அப்படிப்பட்ட வரியை எழுதிவைக்க முடியும், ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கவும் முடியும். நடனக்காரர்கள் இதைத்தானே காலம் காலமாகச் செய்கிறார்கள்! 'முடிதிருத்துநர்' கொம்மேதியா தெல்லார்த்தே என்ற பழைய இத்தாலிய முகமூடி நகைச்சுவை பாணி என்பதும் உதவியிருக்கும். அக்கிம் ஃப்ரையர் அமைத்த மேடையும் கனமான மாளிகை அல்ல.

எல்லாமே இப்படி நிலைத்துவிடவில்லை. பிரெஷ்ட்டின் மனைவி ஹெலேன வைகல் மறைந்தபின் 1971இல் பெர்லினர் ஆன்சாம்பிளின் தலைமைப் பொறுப்பு பெர்க்ஹவுஸுக்கு வந்தது. பிரெஷ்ட்டின் வாரிசுகளோடு ஒத்துப்போகவில்லை, 1977இல் வெளியேறினார். 1979இல் ஸ்டாட்ஸோப்பரில், 'மோதிரம்' என்ற வாக்னரின் நான்கு ஓப்பரா வரிசையில் முதலாவதான 'ரைன்கோல்ட்' அவர் இயக்கத்தில் அரங்கேறியது. அந்த வரிசையின் மற்ற மூன்று ஓப்பராக்களும் வரவேயில்லை. முழு வரிசையையும் மேற்கு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் செய்து முடித்தார். மிக்கேல் கீலன் இசை இயக்குநராக இருந்த அந்த அரங்கில் 1981இல் மோட்சார்ட்டின் 'சேராலியோவிலிருந்து கடத்தல்', 1983இல் பெர்லியோஸின் 'ட்ராய் மக்கள்', 1985 முதல் 1987 வரை முழு 'மோதிரம்'. கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எல்லை தாண்டி வந்து, மேற்கத்தியப் பார்வையாளர்களிடம் கூச்சலை வாங்கிக்கொண்டு வேலை செய்தார். 1987 நவம்பரில் அந்த அரங்கே தீப்பிடித்து எரிந்தது.

இவ்வளவு கூச்சல் வாங்கியவர் விட்டுப்போனவற்றில் ஊர் மிக அதிகம் சிரித்துப் பார்ப்பது 'முடிதிருத்துநர்' என்ற பழைய நகைச்சுவையை என்பது எனக்குப் பிடித்த முரண். அதே ஸ்டாட்ஸோப்பருக்கு 1991இல் அவர் செய்த டெபுஸ்ஸியின் 'பெல்லியாஸும் மெலிசாண்டும்' ஓப்பராவும் அவர் காலத்துக்குப் பின் திரும்பத் திரும்ப மேடையேறியிருக்கிறது. அந்த இரண்டின் குறிப்பேடுகளையும் கையில் வைத்து வேலை செய்கிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எனக்கு வாய்ப்பதெல்லாம் பெரும்பாலும் நடுவில் ஒரு சோபா போட்ட படைப்புகள். பாடகர் எப்போது அதில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர எழுதிவைக்க அவற்றில் பெரிதாக ஒன்றும் இருக்காது.