யூட்டாவில் மார்மன் சினிமாவைத் தேடி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிவந்த பாறை வளைவுகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். எனக்கு வேறொரு கிறுக்கு. அங்கே குடியேறிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் மார்மன்கள். நூறு வருடத்துக்கு மேலாக சினிமா அவர்களை என்னென்னவோ ஆக்கி வைத்திருக்கிறது. அந்தப் படங்களில் சிலவற்றைப் பார்த்த பிறகு, அவர்கள் ஊரையே நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. 2019 இலையுதிர் காலத்தில் சால்ட் லேக் சிட்டியில் போய் இறங்கினேன்.

முதலில் பார்த்தது பிரிகாம் யங்கின் வீடுகளை. மார்மன் திருச்சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தை 1844இல் இல்லினாய் மாநிலச் சிறை ஒன்றில் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. எஞ்சியவர்களைத் திரட்டி 1847இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு அழைத்து வந்தவர் யங். அவருடைய லயன் ஹவுஸ் வாசலுக்கு மேலே ஒரு கல்சிங்கம் படுத்திருக்கிறது. கூரையில் வரிசையாக முக்கோண முகப்புகள், அவற்றின் கீழே அறைகள். யங்குக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மனைவியர். அவர்களில் சிலர் பிள்ளைகளுடன் குடியிருந்த வீடு இது. பலதார மணத்துக்கு 1890இல் திருச்சபை அதிகாரபூர்வமாக முற்றுப்புள்ளி வைத்தது. சினிமாக்காரர்கள் வைக்கவில்லை.

1911இல் டென்மார்க்கில் 'மார்மன்களின் பலி' என்றொரு மௌனப்படம் வந்தது. மார்மன் போதகர் ஒருவர் ஓர் இளம்பெண்ணை மயக்கி யூட்டாவுக்குக் கடத்திப்போகும் கதை. அதற்கு முந்தைய நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்த மதத்தில் சேர்ந்து கப்பலேறிய காலத்தின் பயம் அதில் மிச்சமிருக்கிறது. யூட்டா ஆளுநர் வில்லியம் ஸ்பிரை படத்துக்குத் தடை கேட்டுப் போராடினார். அதுவே படத்துக்கு விளம்பரம் ஆயிற்று. 1922இல் பிரிட்டனில் வந்த 'மார்மன்களின் பிடியில்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் வரும் மிஷனரி கண்ணாலேயே மான்செஸ்டர் பெண்களை வசியம் செய்கிறான். இன்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அன்று வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிய மிஷனரிப் பையன்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

பிறகு காற்று திசை மாறியது. 1940இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் யங்கையே கதாநாயகனாக்கிப் படம் எடுத்தது. டீன் ஜாக்கர் யங், வின்சென்ட் பிரைஸ் ஜோசப் ஸ்மித். படத்தை முதன்முதலில் திரையிட்டது இதே சால்ட் லேக் சிட்டியில், பெரும் கூட்டத்துக்கு நடுவில். பயிரைத் தின்ன வரும் பூச்சிக் கூட்டத்தைக் கடற்புறாக்கள் வந்து விழுங்குவதுதான் படத்தின் உச்சகட்டம். அந்தப் பறவைகளுக்கு, திருச்சபையின் ஆலயம் நிற்கும் டெம்பிள் சதுக்கத்தில் 1913இலேயே நினைவுத்தூண் எழுப்பிவிட்டார்கள். ஆனால் படத்தில் யங்கின் மனைவி என்று மனதில் நிற்பவர் மேரி ஆஸ்டர் ஒருவர்தான். லயன் ஹவுஸ் கூரையை அண்ணாந்து பார்த்தால், ஹாலிவுட் எவ்வளவு சாமர்த்தியமாகக் கண்ணை மூடிக்கொண்டது என்பது புரியும்.

பக்கத்து வீட்டைச் சுற்றிக் காட்டிய இரண்டு இளம் மிஷனரிப் பெண்களிடம், உங்களைச் சரியாகக் காட்டிய படம் எது என்று கேட்டேன். ஒருத்தி யோசிக்காமல் 2002இல் வந்த 'தி சிங்கிள்ஸ் வார்டு' நகைச்சுவைப் படத்தைச் சொன்னாள். மற்றவள் பதில் சொல்லாமல் என்னை அடுத்த அறைக்கு அழைத்துப் போனாள்.

தெற்கே புரோவோ. பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 1953இல் இங்கே ஒரு ஸ்டூடியோ தொடங்கி, டிஸ்னியில் வேலை பார்த்த ஜட்ஜ் விட்டேக்கரைத் தலைமைக்குக் கொண்டு வந்தது. திருச்சபைக்காக அங்கே எடுத்தவற்றில் நான் பார்த்தவை எல்லாம் நல்ல ஒளிப்பதிவு, நல்ல மனிதர்கள், நல்ல முடிவு. மூன்று வேளையும் சர்க்கரைப் பொங்கலே பரிமாறினால் எப்படி?

அந்தச் சலிப்பை உடைத்தவர் ரிச்சர்ட் டட்சர். 2000இல் சுமார் 3 லட்சம் டாலரில் 'காட்ஸ் ஆர்மி' எடுத்தார். வசூல் 25 லட்சத்தைத் தாண்டியது. லாஸ் ஏஞ்சலீஸ் தெருக்களில் கதவு தட்டும் மிஷனரிகள் அதில் குறும்பு செய்கிறார்கள், சோர்ந்து போகிறார்கள். ஒருவன் விசுவாசத்தை இழந்து வெளியேறுகிறான். மதத்துக்குள் இருந்துகொண்டே மதத்தைச் சந்தேகிக்க இடம் தந்த படம் அது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் வசூலை மட்டும் பார்த்தார்கள்; உள்ளூர்க்காரருக்கு மட்டும் புரியும் ஜோக்குகளாக வந்து குவிந்தன. டட்சரே 2007இல் திருச்சபையை விட்டு விலகினார். எனக்கு அவர்மேல் மதிப்புத்தான் கூடியது.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் ஊருக்குக் காரில் நாலு மணி நேரம். வேதாகமத்தில் வரும் அதே பெயர். 128ஆம் சாலை கொலராடோ ஆற்றை ஒட்டியே போகிறது. செம்மண் கரைத்த தண்ணீர், கரையில் மஞ்சளாகிவிட்ட காட்டன்வுட் மரங்கள். இங்கேதான், புரொபசர் பள்ளத்தாக்கில், ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு 'வேகன் மாஸ்டர்' எடுத்தார். 1950இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். வெண்மையாகப் புழுதி பறப்பதையே திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சிவப்பு முதலில் ஒட்டவே இல்லை.

ஊரை விட்டு விரட்டப்பட்ட மார்மன்கள், குதிரை வியாபாரிகள் இருவரை வழிகாட்டிகளாக அமர்த்திக்கொண்டு சான் வான் ஆற்றை நோக்கிப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். வார்டு பாண்ட் நடித்த மூப்பருக்கு வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வரும், உடனே யாராவது அதட்டுவார்கள். ஜேன் டார்வெல் ஒரு கொம்பை எடுத்து ஊதிக்கொண்டே இருப்பார். அங்கே மார்மன்கள் வசியக்காரர்களும் இல்லை, மகான்களும் இல்லை. வண்டி இழுக்கும் மனிதர்கள். ஃபோர்டு கத்தோலிக்கர். நான் பார்த்தவற்றில் மார்மன்களை இவ்வளவு இயல்பாகக் காட்டியவர் அந்த வெளியாள்தான். சாலையோரம் ரெட் கிளிஃப்ஸ் லாட்ஜில் நான் போனபோது சிறிய சினிமா அருங்காட்சியகம் இருந்தது, அனுமதி இலவசம்.

மறுநாள் 160 கிலோமீட்டர் தெற்கே பிளஃப் ஊருக்குப் போனேன். 1879இல் சுமார் 250 மார்மன்கள் சான் வான் பகுதிக்குப் புறப்பட்டார்கள். ஆறு வாரம் என்று கணக்குப் போட்டது ஆறு மாதம் ஆயிற்று. வழியில் கொலராடோ ஆற்றுக்கு இறங்கப் பாறைப் பிளவை வெட்டி அகலமாக்கி, வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். இன்னும் கொஞ்சதூரம் போக நினைத்தவர்கள் 1880இல் இங்கே வந்தபோது களைத்துப்போய் இங்கேயே குடியேறிவிட்டார்கள். அவர்களுடைய கோட்டையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். 'வேகன் மாஸ்டர்' 86 நிமிடம். அதைப் பார்த்துவிட்டு இங்கே போவது நல்லது.