நோட்ஸில் தெரியும் தலைமை

விஷுவல் எஃபெக்ட்ஸில் காம்பாசிட்டராக, அதாவது தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒரே ஷாட்டாக இணைப்பவர்களாக, இருப்பவர்கள் ஸ்டூடியோ தலைவரை நேரில் பார்ப்பதே இல்லை. ஆனாலும் மேலே எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது எங்களுக்கு வரும் நோட்ஸிலேயே, அந்தத் திருத்தக் குறிப்புகளிலேயே, தெரிந்துவிடும். "அங்கியின் ஓரத்தில் பின்னால் கட்டிய திரையின் பச்சை கசிகிறது, சரிசெய்யவும்" என்று வந்தால் படம் நல்ல கையில் இருக்கிறது. "இரவா பகலா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டையும் செய்து வையுங்கள்" என்று வந்தால் கதையே இன்னும் முடிவாகவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு படத்தில், நாயகன் கொட்டும் மழையில் உடைந்த பாலத்தின் மேல் வந்து இறங்குவான். ஈரத்தில் ஒட்டிய முடி ஒவ்வொன்றையும் பின்னணியிலிருந்து பிரித்து, அங்கியில் தெறிக்கும் துளிகளைச் சேர்த்து, ஷாட் அழகாக வந்திருந்தது. அப்புறம், ரிலீஸுக்கு முன் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டும் சோதனைக் காட்சி நடந்தது. கிளைமாக்ஸை மாற்றச் சொன்னார்கள். பாலம் போய்ப் பாலைவனம் வந்தது. நடிகரை மறுபடி அழைக்க நேரமில்லை என்பதால் அதே பிளேட், அதாவது மழைக்காட்சிக்கு எடுத்த அதே பதிவு. நனைந்த முகத்திலிருந்து ஈரத்தின் மினுமினுப்பை ஃபிரேம் ஃபிரேமாகத் துடைத்தோம். அந்த மினுமினுப்போடு தோலின் உயிரும் போய்விட்டது. ரிலீஸ் தேதி மட்டும் நகரவில்லை. 'சிஜி மோசம்' என்று ரசிகர்கள் எழுதியதைப் படித்தபோது வலித்தது. அவர்கள் பார்த்தது கலைஞர்களின் திறமைக் குறைவை அல்ல, காலம் தாழ்ந்து வந்த ஒரு முடிவை.

ஊரறிந்த உதாரணம் 2017-இல் வந்த சூப்பர்ஹீரோ படம் 'ஜஸ்டிஸ் லீக்'. இயக்குநர் ஜாக் ஸ்னைடர் விலகிய பிறகு ஜாஸ் வீடன் ரீஷூட்டை நடத்தினார். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அப்போது வேறொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார், அதை எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. கணினியில் மீசையை அழித்தார்கள். அந்த மேலுதட்டை உலகமே கேலி செய்தது. 2021-இல் ஸ்னைடரின் நான்கு மணி நேர வடிவம் வந்தபோது அது கிட்டத்தட்ட வேறு படமாகவே இருந்தது.

சரி, திரைக்கதை முடிந்திருந்தால் போதுமா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2008-இல் வெளியான 'அயர்ன் மேன்' முழுமையான வசனங்கள் இல்லாமலேயே படப்பிடிப்புக்குப் போனது. ஆனால் அது என்ன மாதிரியான படம் என்று இயக்குநர் ஜான் ஃபாவ்ரோவுக்கும் தயாரிப்பாளர் கெவின் ஃபைகிக்கும் தெரிந்திருந்தது. அந்தப் படத்தை எடுத்த, ஃபைகி தலைமையிலான மார்வெல் ஸ்டூடியோஸ் 2015-இல் நேரடியாக டிஸ்னியின் திரைப்படப் பிரிவின் கீழ் வந்தது. படங்களுக்குக் குறிப்புகள் கொடுத்துக்கொண்டிருந்த குழுவும் கலைந்தது. ஃபைகிக்கு இன்னும் சுதந்திரம் கிடைத்தது.

அதே ஃபைகியின் கீழ்தான் பிறகு தொடர்களும் படங்களும் வரிசைகட்டி வந்து தரம் தளர்ந்தது. எண்ணிக்கை கூடியதால் கவனம் சிதறியது என்று டிஸ்னி தலைவர் பாப் ஐகரே 2023-இல் ஒப்புக்கொண்டார். ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இத்தனை படங்களின் ஷாட்களை உட்கார்ந்து பார்க்க முடியாது. அவர் பார்க்காத ஷாட்டுக்கு ஒப்புதல் வராது, ஒப்புதல் வராத ஷாட் கடைசி வாரத்தில் எங்கள் மேஜையில் குவியும். 2023 செப்டம்பரில் மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தது எனக்கு வியப்பாக இல்லை.

'ஜஸ்டிஸ் லீக்' நாயகர்களின் படங்களை எடுக்கும் டிசி ஸ்டூடியோஸை இப்போது நடத்தும் ஜேம்ஸ் கன், திரைக்கதை முடியாமல் எந்தப் படத்தையும் தொடங்கமாட்டோம் என்கிறார். வெளியீட்டுத் தேதி நெருக்கும்போதும் அவர் அதில் உறுதியாக நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.