சார்லி மெக்காயும் மூன்று மணி நேர வேலையும்

ரெக்கார்டிங்கில் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறவன் நான். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் யாரைக் கேட்டுப் பழகலாம் என்று கேட்டால், சார்லி மெக்காய் என்பேன். பலருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அமெரிக்கப் பாடகர்களான பாப் டிலனையோ ராய் ஆர்பிசனையோ கேட்டு வளர்ந்தவர்கள் அவர் வாசிப்பைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

1941இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஓக் ஹில் என்ற ஊரில் பிறந்தவர். எட்டு வயதில் மவுத் ஆர்கன் கைக்கு வந்தது. 1959இல் பாடகராகும் ஆசையோடு, கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகருக்குப் போனார். அங்கே பாடகி பிரெண்டா லீயின் ரெக்கார்டிங் ஒன்றை உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சுற்றி இருந்து வாசித்தவர்களைப் பார்த்ததும், இந்த வேலைதான் வேண்டும் என்று மனம் மாறிவிட்டது. 1961இல் பாடகி ஆன்-மார்கரெட்டின் பாட்டுக்கு முதல் ரெக்கார்டிங் செஷன்; கூலி 49 டாலர். அதே வருடம் ஆர்பிசனின் 'கேண்டி மேன்' பாட்டில் அவர் மவுத் ஆர்கன் ஒலித்தது. அதன்பிறகு ஊர் அவரை விடவில்லை. கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்பெட், கீபோர்ட் என்று எது தேவையோ அதை எடுத்து வாசித்தார்.

நாஷ்வில்லில் ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம். காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று நாளைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு செஷனில் மூன்று, நான்கு பாட்டு முடிய வேண்டும். எழுதிக் கொடுத்த நோட்டேஷன் பெரும்பாலும் இருக்காது. பாட்டின் மாதிரிப் பதிவான டெமோவை ஒருமுறை போடுவார்கள், அல்லது பாடகரே ஒருதரம் பாடிக் காட்டுவார். அது ஓடி முடிவதற்குள் ஆளாளுக்குக் காகிதத்தில் எண்களைக் குறித்திருப்பார்கள்.

அந்த எண் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜார்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் கடைசியில் பின்னணிக் குரல்களுக்காக உருவாக்கியது. அதை வாத்தியக்காரர்களிடம் பரப்பியதில் மெக்காய்க்குப் பெரிய பங்கு உண்டு. கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) பெயரை எழுதாமல் 1, 4, 5 என்று எழுதுவார்கள். பாட்டு ஜி-யில் இருந்தால் 1 ஜி, 4 சி, 5 டி. பாடகர் வந்து, "தொண்டை கட்டியிருக்கிறது, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா?" என்றால் காகிதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சுருதி எங்கே போனாலும் ச, ம, ப என்ற பெயர்கள் மாறாத நம் வழக்கம் அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நடுவில் கார்ட் மாறினால் விரலைக் காட்டினாலே போதும். பாடகர் காத்திருக்கும்போது வீணாகாத ஒவ்வொரு நிமிடமும் அவருடைய தைரியத்தைக் காப்பாற்றுகிறது. இதை நான் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்த ஒழுங்குக்கெல்லாம் நேர் எதிராக ஒருவர் வந்தார். 1965இல் நியூயார்க் போயிருந்த மெக்காயைத் தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் ஸ்டூடியோவுக்கு அழைக்க, டிலனின் 'டெசலேஷன் ரோ'வில் கிட்டார் வாசித்தார். அடுத்த பிப்ரவரியில் டிலன் நாஷ்வில்லுக்கே வந்தார். செஷன் லீடர் மெக்காய். மாலையில் கூடிய வாத்தியக்காரர்களை உட்காரவைத்துவிட்டு டிலன் பாட்டு எழுதிக்கொண்டே இருந்தார். சீட்டாடினார்கள், தூங்கி விழுந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு 'சேட் ஐட் லேடி ஆஃப் தி லோலேண்ட்ஸ்' தொடங்கியது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகியவர்கள் அவர்கள். ஒவ்வொரு பல்லவியிலும் இதுதான் முடிவு என்று நினைத்து வாசிப்பின் வீரியத்தை ஏற்றுவார்கள். அவரோ அடுத்த சரணத்துக்குப் போய்விடுவார். பதினோரு நிமிடத்தைத் தாண்டியது பாட்டு. அந்த ஏற்ற இறக்கத்தை இன்றும் அதில் கேட்கலாம். தூக்கக் கலக்கத்திலும் ஒருவரும் பாடகரை முந்தவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பாடம் டிலனின் 1967 ஆல்பம் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்'. டிலன், பேஸில் மெக்காய், டிரம்ஸில் கென்னி பட்ரி. இரண்டு பாட்டில் மட்டும் பீட் டிரேக்கின் பெடல் ஸ்டீல் கிட்டார். ஹெட்போனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். குரல் நிற்கும் இடத்தில்தான் பேஸ் கொஞ்சம் நடக்கும். வரி தொடங்கியதும் அடங்கிவிடும். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980இல் பாடிய 'ஹி ஸ்டாப்ட் லவிங் ஹெர் டுடே'யிலும் இப்படித்தான். சாகும்வரை அவளை நேசிப்பேன் என்ற ஒருவன் செத்தே போகிற கதை. அதில் மெக்காயின் மவுத் ஆர்கன் வருவது கொஞ்சமே. வரிகளைக் கேட்டுவிட்டு வாசிக்கிறவருக்குத்தான் அந்த அளவு தெரியும். இப்போது பலர் டிராக்கை மட்டும் வாங்கி, பாட்டின் பொருளே தெரியாமல் இடைவெளியையெல்லாம் நிரப்பி அனுப்புகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது.

தன் பெயரில் வெளியிட்ட ஆல்பத்துக்குக் கிராமி வாங்கினார், 'ஹீ ஹா' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இசையைப் பல ஆண்டுகள் நடத்தினார், 2009இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். எல்லாம் அவருக்குத் தகும். ஆனாலும் எங்களைப் போன்றவர்கள் கூடிப் பேசும்போது முதலில் வருவது 1966இன் அதே செஷன்களில் நடந்த இன்னொன்று. ஒரு பாட்டில் அவர் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்பெட்டும் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பிறகு தனியாக ஏற்றிக்கொள்வது டிலனுக்குப் பிடிக்காது. மெக்காய் ஒரு கையில் பேஸ், மறு கையில் டிரம்பெட் என்று இரண்டையும் சேர்த்தே வாசித்து முடித்தார்.