மக்காச்சோளத்திலிருந்து செம்பனைக்கு: ஓர் ஆய்வாளரைப் பற்றி எழுதக் கற்றுக்கொண்டது

பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டில் மூலக்கூறு உயிரியல் பாடத்துக்கு ஓர் இடுபணி தந்தார்கள். ஓர் ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஆய்வு வாழ்க்கையையும் துறையில் அதன் தாக்கத்தையும் எழுத வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பக்கத்துத் தம்பி தங்கைகள் இதே மாதிரி இடுபணியோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டவர் மக்காச்சோளத்தை ஆராய்ந்த அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக். முதல் வரைவில் 1902-இல் பிறப்பு, 1927-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1983-இல் நோபல் பரிசு என்று அடுக்கிவிட்டு, அவருடைய கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையையும், அதைக்கொண்டு ஆய்வாளரின் தாக்கத்தை அளக்கும் எச்-குறியீட்டையும் சேர்த்திருந்தேன். விரிவுரையாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பிறகு யார், எதை வேறு மாதிரி செய்தார்கள்?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். திருத்தி எழுத ஒரு வாரம் கிடைத்தது.

எச்-குறியீட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகளுக்கு 40, 12, 6, 4, 1 என்று மேற்கோள்கள் இருந்தால் அவருடைய குறியீடு 4. குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன என்பதே அதன் பொருள். ஆனால் மெக்லின்டாக்கை இந்த அளவுகோலில் நிறுத்தினால் ஏமாந்துபோவோம். மக்காச்சோள மணிகளில் விழும் வண்ணப் புள்ளிகளை ஆராய்ந்து, மரபணுத் துண்டுகள் குரோமோசோமில் இடம் மாறுகின்றன என்று 1950-இல் அவர் எழுதியபோது, துறையில் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சில ஆண்டுகளில் அதைப் பற்றி வெளியிடுவதையே அவர் பெரும்பாலும் குறைத்துக்கொண்டார். பாக்டீரியாக்களிலும் அப்படித் தாவும் துண்டுகள் தெரியவந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-இல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தேன். அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) அறுப்பவர். என் இடுபணியைப் பற்றிச் சொன்னதும் இரண்டு உதிரிப் பழங்களை எடுத்துவந்து, கத்தியால் நறுக்கிக் காட்டினார். ஒன்றில் ஓடு தடிப்பு, மற்றதில் மெல்லிசு. "இதுல சதை ஜாஸ்தி, எண்ணெயும் ஜாஸ்தி. ஆனா மரம் காய்ச்ச பிறகுதானே தெரியுது" என்றார்.

அப்பா சொன்னது ஒரு பெரிய ஆய்வுக் கேள்வி. தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள தெனெரா கிடைக்கிறது. அதில் டூராவைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் எண்ணெய். இதை ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 1941-இல் பெல்ஜியக் காங்கோவில் காட்டினார்கள். அது எந்த மரபணு என்று தெரிய 2013 வரை ஆனது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ராஜீந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலானோர் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். நாற்றின் இலையைச் சோதித்தே ஓட்டின் வகையைச் சொல்ல இதனால் வழி பிறந்தது.

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெக்லின்டாக் வாழ்நாளில் பாதியை ஆய்வில் கழித்த இடம் அது! தேடிப்போனால் 2015-இல் இன்னொரு கட்டுரை. திசு வளர்ப்பில் உருவாக்கிய சில செம்பனைகளில் பழத்தைச் சுற்றிப் போர்வைபோல் கூடுதல் சதை முளைத்து, குலை வீணாகும். காரணம் கர்மா என்ற தாவும் மரபணுத் துண்டு. டி.என்.ஏ.வில் ஒட்டியிருந்து அதை அடக்கி வைத்திருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் திசு வளர்ப்பின்போது அழிந்துபோவதால் பூவின் உருவாக்கமே கெட்டுவிடுகிறது. மக்காச்சோளத்தில் மெக்லின்டாக் பார்த்ததைப் போலவே எங்கள் பயிரிலும் தாவும் துண்டுகள் இருக்கின்றன, வகை வேறு என்றாலும்.

இடுபணியை இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டே திரும்ப எழுதினேன். வாழ்க்கைக் குறிப்புக்கு ஒரு பத்தி போதும். ஆய்வாளர் விடாமல் துரத்திய கேள்வியை உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது. பிறகு அவருடைய மூன்று கட்டுரைகள் போதும்: தொடக்கத்தில் ஒன்று, திருப்பம் தந்தது ஒன்று, பிந்தையது ஒன்று. சுருக்கத்தையும் படங்களையும் முதலில் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகல் ஸ்காலர் தளத்தில் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, அவர்கள் அதை எதற்காக எடுத்தாண்டார்கள் என்று கவனியுங்கள். பாராட்டவா, மறுக்கவா, தங்கள் சோதனைக்கு அடித்தளமாகவா? நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். அதற்குத் தகுந்த பலனும் கிடைத்தது.

வாய்மொழித் தேர்வில் அதே விரிவுரையாளர் பழைய கேள்வியையே கேட்டார். அப்பா நறுக்கிய பழத்திலிருந்து தொடங்கினேன்.