ஜெனரல் ரெஜிஸ்டரின் கட்டங்கள்

மும்பைக்குப் போகப் பாஸ்போர்ட் தேவையில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால் போதும். ரேணிகுண்டா, குந்தக்கல், சோலாப்பூர், புணே என்று ஸ்டேஷன் பலகைகளில் எழுத்து மாறிக்கொண்டே வரும். கட்டிக்கொண்டு வந்த புளியோதரை தீரும் சமயத்தில் ஊர் வந்துவிடும். அதனால் இதை யாரும் வெளிநாட்டு வாழ்க்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துபாய்க்கும் டொரண்டோவுக்கும் போனவர்கள் எழுதுவதைப் போல நாங்கள் எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் ஆசிரியர் வேலைக்கு வந்து பார்த்தால் தெரியும். பாடநூல் வேறு, பதிவேடு வேறு, சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தலைவர்கள் வேறு. ஊரில் ஜூன் தொடக்கத்திலேயே மணி அடித்துவிடுவார்கள். இங்கே ஜூன் நடுவில், மழை இறங்கும் சமயத்தில்தான் கதவு திறக்கும்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குப் பக்கம். அப்பா திருநெல்வேலித் திருமண்டலம் நடத்தும் டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளியில் வாத்தியார். பள்ளியும், நாங்கள் கோயில் என்று சொல்லும் தேவாலயமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. ஐயர், அதாவது சபைப் போதகர், வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவே ஆராதனை நடத்துவார். திங்கட்கிழமை காலையில் அதே ஆள், அதே குரலில் வாய்ப்பாடு சொல்லித் தருவார். ஆசிரியர் என்றால் இப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தவளுக்குக் கல்யாணமாகி வந்து சேர்ந்த இடம் தாராவி. வேலை கிடைத்தது தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய தமிழ்வழிப் பள்ளியில். காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். ஒரே பெஞ்சில் இரண்டு தலைமுறைப் பேனாக் கீறல்கள்.

என் வகுப்பில் சுடலைமாடனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், கடையநல்லூர் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள், பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைகளும் இருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் இட்லி வியாபாரம். அப்பாவும் அண்ணனும் சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் ஏற்றி விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அதற்கும் முன்பே எழுந்து மாவுக்கும் சட்னிக்கும் கைகொடுத்த பிள்ளை முதல் மணிக்கே தூங்கி விழும். இவர்களைத் தமிழில் திட்டலாம், இந்தியில் சமாதானம் செய்யலாம். வாய்ப்பாடு மட்டும் மராத்தியில்தான் வரும். "பே ஏகம் பே, பே துணே சார்" என்று இழுத்துப் பாடிவிட்டு, விடையைத் தமிழில் எழுதுவார்கள். இதில் குழப்பம் எனக்குத்தான் இருந்தது, அவர்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

சேர்ந்த அன்றே தலைமையாசிரியை சொன்னார்: "பைபிள் பையிலேயே இருக்கட்டும், டீச்சர்." நான் ஒப்புக்கொண்டேன், மனத்தாங்கலும் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் கையில் சோற்றுத்தட்டோடு வசனத்தையும் வைப்பதை அப்பாவும் விரும்பியதில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் சந்தேகம் துரத்தியது. தொடர்ந்து வராத ஒரு பையனைத் தேடி வீட்டுக்குப் போனால் அவனுடைய அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "கோயிலுக்குக் கூப்பிடவா வந்தீர்கள்?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை தோத்திரம் சொல்லிக் கைகுலுக்கும் சபை மூப்பரோ, "அத்தனை பிள்ளைகள் கைக்குள் இருக்கிறார்களே, ஒருவரையாவது அழைத்து வந்தீர்களா, சிஸ்டர்?" என்பார். அந்த அம்மாவின் கேள்வியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மூப்பரின் கேள்விக்கு இன்றுவரை எனக்குக் கோபம்தான் வருகிறது. அவருக்கு வகுப்பறை என்பது மீன்கள் நிறைந்த குளம். எனக்கு அது வகுத்தல் கணக்கு வராத பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடம்.

பாடத்தில் என்னைக் கவர்ந்தது நான்காம் வகுப்பு வரலாறு. மகாராஷ்டிரத்தில் நான்காம் வகுப்பில் ஆண்டு முழுவதும் சிவாஜி மகாராஜாதான். பிரதாப்கட்டில் பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானைக் கொன்றது, ஆக்ராவிலிருந்து தப்பிப்பது, 1674இல் ராய்கட்டில் முடிசூட்டு விழா. தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அடுத்த வீட்டுக் கதை. நான் மட்டும் முந்தின நாள் இரவே படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. இந்த நகரத்தில் 1966இல் சிவாஜியின் பெயரில் தொடங்கிய கட்சி முதலில் தென்னிந்தியர்களைத்தான் குறிவைத்தது என்பதைத் தெருவில் இருக்கும் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பேரன்கள் காகிதத்தில் வாள் செய்து "ஜெய் பவானி" சொல்லிக்கொண்டு ஓடினால் தாத்தாக்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தெற்குப் படையெடுப்புப் பகுதிக்கு வந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், மகாராஜா நம் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறாரா?" வந்தார் என்றேன். 1677இல் செஞ்சிக்கோட்டையைப் பிடித்தார். அவருக்குப் பின் மகன் ராஜாராம் முகலாயப் படைக்குத் தப்பி அந்தக் கோட்டையிலேயே பல ஆண்டுகள் இருந்து அரசாண்டார். சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சாவூரில் உட்கார்ந்தார். அவர் வம்சம் பல தலைமுறை ஆண்டது. அந்த வம்சத்துச் சரபோஜி மன்னர் தன் முன்னோர் வரலாறு முழுவதையும் 1803இல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டி வைத்தார். கரும்பலகையில் வரைபடம் போட்டு ராய்கட்டிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு கோடு இழுத்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்படியென்றால் அவர்களும் அங்கே வந்து குடியேறியவர்கள்தானே?" நான் பதில் சொல்வதற்குள் அவனே சுற்றிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

இதை இடைவேளையில் சொல்லிக்கொண்டிருந்தபோது மராத்தி ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புணேக்காரர், பௌத்தர், அம்பேத்கர் ஜயந்திக்கு விடுமுறை விட்டாலும் வந்து படத்துக்கு மாலை போடுகிறவர். "சரபோஜிக்குப் பாடம் சொன்னது யார்?" என்று கேட்டார். ஸ்வார்ட்ஸ் ஐயர் என்றேன். ஜெர்மனிக்காரர், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் போதகர், தஞ்சையிலேயே 1798இல் இறந்தார். மிஷனரியிடம் படித்தும் சரபோஜி கடைசிவரை இந்து மன்னராகவே இருந்தார். ஆனால் குருவுக்குத் தேவாலயத்தில் சலவைக்கல் நினைவுச் சிற்பம் வைத்தார். "எங்கள் ஜோதிபா புலே படித்ததும் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில்தான்" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

பிறகு நான் குளோரிந்தாவைப் பற்றிச் சொன்னேன். திருநெல்வேலிச் சபைக்கு வெளியே இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் துணையோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரோடு மணமின்றி வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் தர ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். அந்தச் சின்னக் கூட்டத்துக்குத் தூண் இந்த அம்மாள்தான். அவர் கட்டிய கோயிலை 1785இல் ஸ்வார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரில் இன்றும் அது பாப்பாத்தி அம்மாள் கோயில். என் பாட்டி, அம்மா, நான் என்று எல்லாரும் அந்தச் சபை வழியில் எழுதப் படிக்கக் கற்றவர்கள்.

மராத்தி ஆசிரியை டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஊர்ப் பெண் அங்கே போய் உங்களைக் கிறிஸ்தவர்களாக்கியிருக்கிறாள். நீங்கள் இங்கே வந்து எங்கள் சிவாஜியைச் சொல்லித் தருகிறீர்கள். கணக்குச் சரியாகிவிட்டது." அதற்குப் பிறகு என் மராத்தியை அவர் கேலி செய்வதை நிறுத்தவில்லை, ஆனால் திருத்தவும் தொடங்கினார்.

இவ்வளவும் பேசுவதற்கு நன்றாக இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடான ஜெனரல் ரெஜிஸ்டரைத் திறந்தால் வேறு கதை. ஒவ்வொரு பிள்ளையையும் அதில் ஏற்ற வேண்டும்: குடும்பப் பெயர், தன் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், மதம், சாதி, தாய்மொழி, பிறந்த ஊர். முதல் கட்டமே தகராறு. தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? முருகனின் மகன் செல்வம் என்றால் அவ்வளவுதான். இங்கே கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒருவருக்குத் தாத்தா பெயரைப் போடுவோம். ஒருவர் "நாடார் என்று போட்டுவிடுங்கள்" என்பார். ஊரில் இரண்டு தலைமுறையாகப் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை விட்டவர்கள், ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக இங்கே அதைத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு வேறொன்று என்று ஆகிவிட்டால், பத்தாம் வகுப்பில் அவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும்.

மதக் கட்டம் அதைவிடக் கடினம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன் வரிசையில் முக்காடு போட்டு உட்காரும் ஓர் அம்மா, திங்கட்கிழமை மேசைக்கு அருகில் குனிந்து, "இந்து என்றே போடுங்கள், டீச்சர்" என்றார். காரணம் எனக்குத் தெரியும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்குத்தான். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தீண்டாமை தேவாலயக் கதவோடு நின்றுவிடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் எழுப்பிய சபைகள் இருந்தன. போதாததற்கு, மகாராஷ்டிரத்தில் அந்தச் சான்றிதழ் வாங்க 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்குக் காகிதம் கேட்பார்கள். தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாவிடம் வாடகை ரசீது இருந்திருக்குமா? அந்த அம்மா சொன்னதையே எழுதினேன். பெற்றோர் சொல்வதை எழுதுவதுதான் என் வேலை. விசுவாசத்தை விசாரிக்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை, இருந்தாலும் அதை நிரப்புகிறவள் நானில்லை. இதைக் கேட்டு முகம் சுளித்த சபையார் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

2005 ஜூலை 26 மழையைப் பற்றி மும்பைக்காரர் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். மதிய ஷிப்ட் பிள்ளைகளோடு மாடியில் இரவைக் கழித்தோம். கீழ்த் தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, இட்லிக்காரர்கள் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் முதலில் தேடியது ஜெனரல் ரெஜிஸ்டரை. மேல் அலமாரியில் இருந்ததால் பிழைத்தது.

ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்ததும் பாதி வகுப்பு ஊருக்கு ரயிலேறிவிடும். கோடைவிடுமுறை, கோயில் கொடை, அசனப் பண்டிகை. ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லாரும் திரும்பியிருக்க மாட்டார்கள். சிலருக்கு டிக்கெட் கிடைத்திருக்காது. சிலரைப் பாட்டியிடமே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அங்கே பள்ளியில் சேர்க்க நம் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும், இங்கேயோ யாரும் வந்து கேட்டிருக்க மாட்டார்கள். மொழியும் சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த வாரியத்துப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். இரண்டும் நியாயமான சட்டங்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஊர் மாறும் பிள்ளையை வைத்து யாரும் அவற்றை எழுதவில்லை. நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் மே மாதத்தில் பழைய பிள்ளைகளின் வீடுகளிலிருந்து போன் வரும், இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்காக. தாராவி மறுசீரமைப்புக்காகக் கதவுகளில் எண் எழுதிய பிறகு அந்த அழைப்புகள் கூடிவிட்டன. வீடு எங்கே போகும் என்று தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை உங்கள் பக்கம் இருக்கிறது: மாநிலம் மாறினாலும் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், அது வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பிரிவு 5 என்று சொல்லிக் கேளுங்கள், குரலை உயர்த்த வேண்டாம். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ரெஜிஸ்டரிலும் இருக்கிறதா என்று சேர்க்கும் அன்றே எட்டிப் பாருங்கள். பிறகு திருத்துவதற்குக் கல்வி அலுவலகம் வரை நடக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேட் செய்துவிடாதீர்கள். மாநிலம் தாண்டும்போது அதன்மேல் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள். பிளாஸ்டிக்கின் மேல் சீல் ஒட்டாது.